ராமக்காள் கே.கே. நகரில் பாடாத பாட்டு

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து கிடைத்தது. பொய்யைச் சொன்னவன் நான். அதைச் சுமந்துகொண்டு பேரையூர் வரைக்கும் போனவள் ஐரின். நடந்ததை அவள் என்னிடம் சொன்னாள். நான் இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

ஆரம்பத்தை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். இரண்டை மட்டும் காட்டுகிறேன்.

"ராமக்காளின் குரல் எப்படியிருந்தது என்றால்," (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்று மூன்றாம் பகுதியில் தெரியும்.)

"வாடிப்பட்டியில் ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் ஐரின், தன் வாழ்க்கையில் ஒரே ஒரு பாடகிக்குத்தான் ரசிகையாக இருந்தாள். அந்தப் பாடகியை அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை."

இரண்டாவது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

கேட்காத ஒருவருக்கு எப்படி ரசிகையாக முடியும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஐரின் சொன்ன பதில் இது. பதினோரு வருடங்களுக்கு முன்பு அவள் கணவன் பெனடிக்ட், உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தான். எப்போதும் பந்தியில் என்ன போட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றுகிறவன், அன்றைக்குப் பேசாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. ஒரு அம்மா பாடுனாங்க."

"யாரு?"

"ராமக்காள்னு பேரு. பேரையூர்க்காரவுக. காலையில இருந்து அந்த ஊரச் சுத்திருக்காங்க. டீக்கடை, குழாயடி, எல்லா எடத்துலயும் உக்காந்து பேசிருக்காங்க. சாயங்காலம் அதெல்லாத்தையும் பாட்டாப் பாடுறாங்க, ஐரின். அந்த ஊருக்காரன் ஒருத்தனும் அசையல."

அவ்வளவுதான் சொன்னான். ஆனால் அவன் முகத்தை ஐரின் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆகி ஒன்பது வருடத்தில் அந்த முகத்தில் பார்க்காத ஒன்றை அன்றைக்குப் பார்த்தாள். ரசிகையானது அங்கேதான்.

ராமக்காளைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். பருத்திக் காட்டில் களையெடுக்கப் போன இடத்தில் பாட ஆரம்பித்தவர். கூட உறுமி வாசிப்பது தம்பி கருப்பு. ஓர் ஊரில் பாடியதை இன்னோர் ஊரில் பாட மாட்டார். எழுதி வைக்கவும் மாட்டார். ஒருமுறை யாரோ அவர் பாட்டைக் கைபேசியில் பிடித்துக்கொண்டு போய்க் கடை விளம்பரத்துக்குப் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு கைபேசிகளை அணைத்து மடியில் கவிழ்த்து வைத்தால்தான் வாயைத் திறப்பார். அதனால் ஒரு தடவை தவறவிட்டால் தவறவிட்டதுதான். எங்கேயும் போய்த் தேடிக் கேட்க முடியாது.

ஐரின் மூன்று தடவை கிளம்பினாள்.

திருமங்கலத்தில் பாடுகிறார் என்று தெரிந்து விடுப்பு எழுதிக் கொடுத்த அன்று காலையில், அவள் அப்பா சவரியப்பன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது.

இரண்டாவது தடவை பேரையூரிலேயே, கோயில் கொடைத் திருவிழாவில். நோட்டீஸில் எட்டாம் நாள் என்று போட்டிருந்தது. தேவாலயத் திருவிழாவில் கொடியேற்றத்திலிருந்துதான் நாள் எண்ணுவார்கள். ஐரினும் அப்படியே எண்ணினாள். அந்தக் கோயிலில் கொடியேற்றத்துக்கு முன்பே காப்புக் கட்டிவிடுவார்கள், அதிலிருந்து எண்ணுவார்களாம். பெனடிக்டின் வண்டியில் நாற்பது மைலுக்கு மேல் போய் இறங்கியபோது பந்தல்காரர்கள் மூங்கிலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். வருடத்துக்கு அறுநூறு பிள்ளைகளின் பிறந்த தேதியைப் பிசகில்லாமல் எழுதுகிறவள் அவள்.

மூன்றாவது தடவை வாடிப்பட்டியிலேயே. அவள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டாள். ராமக்காள் மேடையேறி, தண்ணீர் குடித்து, டம்ளரைக் கீழே வைத்தார். அந்த நேரத்தில் ஐரினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சூசையம்மாள் சரிந்தாள். சர்க்கரைக்காரி. உடம்பெல்லாம் வேர்த்து, கண் சொருகிவிட்டது. சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐரின் அவளைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்து, ஆட்டோ பிடித்து, அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

(இந்த இடத்தில் ஐரினை நான் நம்பவில்லை. "ஒரு நிமிஷம்கூடத் தயங்கலையா?" என்று கேட்டேன். "தயங்குனேன் சார். உறுமிச் சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாத்தேன். அப்புறம் ஆட்டோவுல ஏறிட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு நம்பினேன்.)

சூசையம்மாள் பிழைத்துக்கொண்டாள். ஐரின் திரும்பி வந்தபோது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. யாரும் யாரோடும் பேசவில்லை. நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பதுபோல ஒவ்வொருவரும் மெதுவாக நடந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு எதிரே ஐரின் நின்றுகொண்டிருந்தாள். டயர் கடை பாண்டிராஜ் அவளைக் கடந்து போனார். கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினாள்.

"அண்ணே, என்ன பாடுனாங்க?"

"நம்ம பஸ் ஸ்டாண்டுப் புளியமரத்தப் பத்திப் பாடுனாங்கம்மா. நடுவுல நிப்பாட்டிட்டாங்க. பத்து மூச்சு இருக்கும். ஒரு சத்தம் இல்ல. ரோட்டுல போற லாரிகூட நின்ன மாதிரி இருந்துச்சு. நான் பொறந்ததுல இருந்து அப்பிடி ஒண்ணு கேட்டதில்ல."

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஐரின் ஒரு நோட்டை எடுத்து, 1 என்று போட்டு, பாண்டிராஜ் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதினாள்.

3

ஐந்து வருடம் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறுவாள். ராமக்காள் பாடிய ஊர்களுக்குப் போய், கேட்டவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்பாள். ஒரு தையல்காரர், பாட்டுக் கேட்கும்போது தன் கையையே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். கத்தரிக்கோல் பிடித்துக் காய்ப்புக் காய்த்த விரலைப் பற்றி ராமக்காள் பாடினாராம். "இருவது வருசமா என் கூடவே இருக்க கைய அன்னைக்குத்தான் பாத்தேன்" என்றாராம். பதினான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இரண்டு பேர், பாட்டு முடிந்ததும் ஒரே வண்டியில் ஏறிப் போனதாக ஒரு கிழவர் சொன்னார். என்ன பாட்டு என்று கேட்டதற்கு, அவருக்கு வாய்க்கால் என்ற ஒரு வார்த்தைக்கு மேல் ஞாபகம் வரவில்லை.

என்னிடம் வந்தது இப்படி. ஒரு சமயம் கே.கே. நகரில் குடியிருப்போர் சங்கத்து ஆண்டு விழாவில் ராமக்காள் பாடினார். ஐரினுக்கு அது நடந்து வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. நான் அந்தத் தெருக்காரன். கதை எழுதுகிறவன் வேறு. நன்றாகச் சொல்வான் என்று யாரோ அவளை என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவள் நோட்டை விரித்து, பேனாவைத் திறந்து, என்னைப் பார்த்தாள். கோயிலில் தீபாராதனைக்கு நிற்கிறவர்கள் பார்க்கிற பார்வை.

உண்மை என்னவென்றால், அன்று நான் பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் புத்தகத்தின் அட்டையில் பெயரைச் சின்னதாகப் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்து, பாட்டு ஆரம்பிக்கும் முன்பே எழுந்து போய், பந்தலுக்குப் பின்னால் நின்று பதிப்பாளரோடு கைபேசியில் சண்டை போட்டேன். திரும்பி வந்தபோது எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு முடிந்திருந்தது.

இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். அந்தப் பார்வைக்கு முன்னால் வாய் வரவில்லை. அதனால்

(அதனால் என்ன? "அதனால் கற்பனை செய்தேன்" என்று எழுதப் போனேன். பொய் சொன்னேன் என்பதுதான் சரி.)

ஒரு பொய் சொன்னேன். வண்டியூர்க் கண்மாய்த் தண்ணீர் ஒரு மழைக்காலத்தில் தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு கே.கே. நகருக்குள் வருவதாக ராமக்காள் பாடினார் என்றேன். தெருத்தெருவாக வந்து, கேட்டில் எழுதியிருக்கும் கதவு எண்ணைப் படித்துப் பார்த்து, "இங்கதானே நான் குடியிருந்தேன்?" என்று வீடு வீடாக விசாரிக்கிறது தண்ணீர். யாரும் கதவைத் திறக்கவில்லை. ஒரே ஒரு பெண் திறந்து, "உள்ள வா, கால நனைச்சுட்டுப் போ" என்கிறாள்.

ஐரின் எழுதி முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாற்பத்தொன்று என்று எண் போட்டாள்.

4

போன வருடம் ராமக்காளுக்குக் கழுத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. தைராய்டு. உயிருக்கு ஒன்றுமில்லை, குரல் போய்விட்டது. காற்று மட்டும் வருகிறது என்று கருப்பு யாரிடமோ சொன்னது ஐரின் காதுவரை வந்தது.

அன்றைக்கு அவள் அலுவலகத்தில் ஒரு மாற்றுச் சான்றிதழை இரண்டு தடவை தப்பாக எழுதினாள். பெனடிக்ட் சாயங்காலம் அவளை நோட்டும் கையுமாகப் பார்த்தான்.

"இனிமே கேக்கவே முடியாதுல்ல?"

"முடியாது."

"அப்ப இத வச்சு என்ன செய்யப் போற?"

"அவுககிட்டக் கொண்டுபோய்க் குடுக்கப் போறேன். அவுக சாமான்தான இது."

ஞாயிற்றுக்கிழமை காலை பேரையூரில் இறங்கினாள். கடைசித் தெருவில் சிமெண்டு ஷீட் போட்ட வீடு. ராமக்காள் வெளியே வேப்பமர நிழலில் அடுப்பெரிக்கக் காய்ந்த பருத்தி மார் ஒடித்துக்கொண்டிருந்தார். ஐரின் பதினோரு வருடம் தேடிய ஆள், கைக்கெட்டும் தூரத்தில், முழங்காலில் தூசியோடு.

ஐரின் எல்லாவற்றையும் சொன்னாள். தப்பாக எண்ணிய எட்டாம் நாளைச் சொன்னபோது ராமக்காள் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. நோட்டைக் கையில் வாங்கவில்லை.

"எனக்கு எழுத்துத் தெரியாது தாயி. நீயே படி." சொன்னது காற்றாகத்தான் வந்தது. ஐரின் குனிந்து கேட்டாள். "நானும் கேட்டதில்ல பாத்துக்க. பாடுறவளுக்கு எங்க கேக்கும்? உள்ள ஒரே கூச்சலா இருக்கும். அது வெளிய போயி என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் வந்து சொன்னதில்ல. கை தட்டுவாக, போயிருவாக."

ஐரின் படித்தாள். மூன்று மணி நேரம். கருப்பு வந்து வாசலில் குத்தவைத்தார், எழுந்திருக்கவே இல்லை. தையல்காரர் கையைப் பற்றிக் கேட்டபோது ராமக்காள் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அண்ணன் தம்பி ஒரே வண்டியில் போனதைக் கேட்டதும், "போனாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

பிறகு ஐரின் தாண்டி வைத்திருந்த முதல் பக்கத்துக்கு, வாடிப்பட்டிக்குத் திரும்பினாள். பாண்டிராஜ் சொன்ன பத்து மூச்சு.

இந்த இடத்தில் ஒரு முடிவு எழுதி வைத்திருந்தேன். கீழே இருக்கிறது.

[ராமக்காள் அவளை உற்றுப் பார்த்தார். "முன்வரிசையில ஒரு பொம்பள மயங்கி விழுந்தா. இன்னொருத்தி தாங்கிக்கிட்டுப் போனா. அதப் பாத்துத்தான் நிப்பாட்டுனேன். அது நீயா தாயி?"]

அழகாக இருக்கிறது. இப்படி மட்டும் நடந்திருந்தால் கதையை இங்கேயே முடித்து, பத்திரிகைக்கு அனுப்பியிருப்பேன். நடக்கவில்லை. உண்மையில் ராமக்காள் சொன்னது இது:

"வரி மறந்து போச்சுத்தா. அடுத்து என்னன்னே தெரியல. வெலவெலத்து நின்னேன். அதயா அந்த மனுசன் அம்புட்டுப் பெருசாச் சொன்னாரு?"

மறந்துபோன ஒரு வரியை ஒரு மனிதர் ஐந்து வருடம் நெஞ்சில் வைத்திருக்கிறார். அதைவிடப் பெரிதாக எதையும் பாடிவிட முடியுமா என்று வேப்ப மரத்தடியில் இருந்த மூன்று பேருக்கும் தோன்றியிருக்க வேண்டும். எழுதும்போது எனக்குத் தோன்றுகிறது.

பிறகு நாற்பத்தொன்று.

ராமக்காள் முழுவதும் கேட்டார். "இன்னொரு தடவ படி" என்றார். ஐரின் படித்தாள்.

"இத நான் பாடலையே."

"கே.கே. நகர்ல, அம்மா."

"கே.கே. நகர் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆஸ்பத்திரி வாசல்ல ஒருத்தரு எக்ஸ்ரே படத்தச் சூரியனுக்கு நேரா தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. பொண்டாட்டி படம். வெயிலு அந்தம்மா நெஞ்சு வழியா வந்து அவரு மூஞ்சியில விழுகுது. அதத்தான் பாடுனேன். தண்ணியப் பாடல."

(பந்தலுக்குப் பின்னால் நின்று அட்டையில் என் பெயரின் அளவைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தபோது, முன்னால் நடந்தது இது. ஐரின் இதைச் சொன்ன நாளிலிருந்து எக்ஸ்ரே உறை கையில் இருக்கும் யாரைப் பார்த்தாலும் நான் நின்றுவிடுகிறேன்.)

ஐரினுக்கு முகம் சிவந்துவிட்டது. பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தைக் குறுக்காக அடிக்கப் போனாள். ராமக்காள் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அடிக்காத."

"பொய்ம்மா இது."

"பொய்யோ நெசமோ, தண்ணி வந்து கதவத் தட்டிருச்சு. தொறக்காம எப்பிடி?"

நோட்டை இழுத்து மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அட்டையில் இரண்டு விரலால் தட்டினார். கருப்பு நிமிர்ந்து உட்கார்ந்தார். ராமக்காள் வாயைத் திறந்தார்.

5

என்ன நடந்தது என்று ஐரின் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

"சத்தம் இல்ல சார். மூச்சுதான். ஆனா தண்ணி வந்துச்சு. என் காலு சில்லுன்னு ஆயிருச்சு. குனிஞ்சு பாத்தேன்."

பிறகு, "அது நீங்களாச் சொன்னதுதான?" என்றாள்.

"ஆமாம்மா."

"ஏன் சார் அப்பிடிச் சொன்னீங்க?"

கைபேசி, பதிப்பாளர், அட்டை எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு யோசித்தாள்.

"நானாச்சும் வெளிய இருந்தேன். நீங்க உள்ள இருந்துக்கிட்டே விட்டுட்டீங்க. பாவம் சார் நீங்க."

கிளம்பும்போதுதான் வந்த விஷயத்தைச் சொன்னாள். ராமக்காள் திரும்பப் பாடப் போகிறார். மேடை கிடையாது, மைக் கிடையாது. வேப்ப மரத்தடியில், காற்றுக் குரல் எட்டுகிற தூரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. பெனடிக்ட் வருகிறான். சூசையம்மாளும் வருகிறாள், பையில் மிட்டாயோடு.

"உங்களையும் கூட்டியாரச் சொன்னாங்க. தண்ணியக் கொண்டுவந்த ஆளப் பாக்கணுமாம்."

6

இன்று அந்த ஞாயிற்றுக்கிழமை. மணி ஏழே கால். விடிந்ததிலிருந்து இந்தக் கதைக்கு முடிவு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முடிவு அ: ராமக்காளின் குரல் பாதிப் பாட்டில் திரும்பி வந்துவிடுகிறது. (வராது. டாக்டர் சொல்லிவிட்டார்.)

முடிவு ஆ: ஒன்றுமே கேட்கவில்லை. பன்னிரண்டு பேரும் கேட்டதுபோல உட்கார்ந்திருக்கிறார்கள். (இருக்கலாம். ஆனால் ஐரின் காலைக் குனிந்து பார்த்தவள்.)

முடிவு இ: ராமக்காள் என்னைப் பார்த்து,

என்னைப் பார்த்து என்ன சொல்வார் என்று தெரியவில்லை. உட்கார்ந்து யோசித்தால் நல்லதாக ஒன்று கிடைக்கும். எனக்குக் கிடைத்துவிடும் என்பதுதான் பயமாக இருக்கிறது. திருமங்கலம் போய் பஸ் மாற வேண்டும். ஐரின் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.

முடிவை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை எழுதிக்கொண்டிருந்தால் பாட்டை விட்டுவிடுவேன். வாரேன்.