பந்தை விழுங்கிய கண்ணாடி

திருப்பதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். என் கடைக் கண்ணாடியை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பிச்சாட்டூர் கீர்த்தி வாலிபால் ஆடுகிற பெண். டீமில் அவள் லிபரோ. எதிரணி அடிக்கிற பந்தைத் தரையில் விழாமல் எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. அப்படிப்பட்ட வேலைக்கு வந்தவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பிளஸ் ஏழு பவர். பழைய கண்ணாடி நடுவில் புடைத்துக்கொண்டு, கண்ணைப் பெரிதாக உருட்டிக் காட்டும். கிரவுண்டில் எல்லோரும் அவளை சோடாபுட்டி என்றார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். வலப்பக்கம் வரும் பந்து கண்ணாடி ஓரத்தில் சட்டென்று மறைந்து, மூஞ்சிக்கு நேராக முளைப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. கான்டாக்ட் லென்ஸ் போட்டால் புழுதியில் கண் சிவந்துவிடுகிறது.

"சித்தூர்ல செலக்சன் வருதுக்கா. இதான் கடைசி சான்சுன்னுட்டாரு டிஸ்ட்ரிக்ட் கோச் ரங்கையா சார். இத வுட்டா வயசு தாண்டிப்பூடும், டிஸ்ட்ரிக்ட் டீம மறந்துற வேண்டியதுதான்" என்றாள்.

"ஆஸ்பெரிக் லென்ஸ் போட்டுடலாம்" என்றேன்.

சாதாரண பிளஸ் கண்ணாடி, பந்தில் சீவிய சில்லு மாதிரி. எங்கே தொட்டாலும் ஒரே வளைவு. ஆஸ்பெரிக்கில் ஓரத்துக்குப் போகப் போக வளைவு தட்டையாகிக்கொண்டே போகும். கண்ணாடி மெலியும், ஓரத்தில் தெரிவதும் கோணாது. ஆனால் அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. அதன் நடுப்புள்ளி கருவிழிக்கு நேராக நிற்க வேண்டும்.

அவள் அகலமான பிரேமை எடுத்தாள். "பெருசா இருந்தா நெறைய தெரியுமில்லக்கா?"

"பெருசா இருந்தா தடியா இருக்கும்டி. வெய்யி அத" என்று சின்ன பிரேமை மாட்டினேன். நாற்காலியில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருகிற மாதிரி விறைப்பாக உட்கார்ந்தாள். என் கடையில் எல்லோருமே அப்படித்தான் உட்காருவார்கள். புள்ளி வைத்து, அளவெடுத்து, சென்னை லேபுக்கு அனுப்பினேன்.

புதுக் கண்ணாடியோடு முகம் பார்த்து, "என் கண்ணு இம்மாந்தானாக்கா?" என்று சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

செலக்‌ஷனுக்கு நான்கு நாள் இருக்கும்போது திரும்பி வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ரோட்ல நடந்தா சூப்பரா இருக்குது. கிரவுண்ட்ல நின்னா பந்து தண்ணிக்குள்ள வர மாதிரி ஆடிக்கினு வருதுக்கா. உன் கண்ணாடி சரியில்ல."

"இன்னாது? என் கண்ணாடி சரியில்லயா? உனுக்கு ஆடத் தெரியலன்னு சொல்லு!"

கையில் காலிக் கண்ணாடிப் பெட்டி இருந்தது. வந்த ஆத்திரத்தில் அதை அவள் மேல் வீசியே விட்டேன்.

அடுத்த நொடி அவள் முழங்கால் மடிந்தது, மோவாய் தாழ்ந்தது, இரண்டு கையும் சேர்ந்தன. பெட்டி அவள் முன்கையில் பட்டு எழும்பி என் மேஜையிலேயே வந்து விழுந்தது.

"அசையாத!" என்று கத்தினேன். "அப்படியே நில்லு!"

குனிந்த தலை, மேலே பார்க்கிற கண். கருவிழி இரண்டும் கண்ணாடியின் மேல் விளிம்பை ஒட்டி நின்றன. நடுப்புள்ளியோ எங்கோ கீழே கிடந்தது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு யார் வாலிபால் ஆடுகிறார்கள்?

அவளை அந்த நிலையிலேயே நிறுத்தி, நானும் தரையில் மண்டியிட்டு, புதிதாகப் புள்ளி வைத்தேன். லேபோடு போனில் சண்டை போட்டு, சனிக்கிழமை பார்சலில் வரவழைத்தேன். முதல் கண்ணாடி காலேஜுக்கு, இது கிரவுண்டுக்கு என்று அந்தக் காலிப் பெட்டியிலேயே போட்டுக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுச் சித்தூர் போனேன். அவளுக்கு வலப்பக்கம்தான் ஓட்டை என்று ரங்கையா சாருக்குத் தெரியும். அவரே வலைக்கு அந்தப் பக்கம் நின்று, வலப்பக்கமாகவே அடித்தார். எடுத்தாள். இன்னும் ஓங்கி அடித்தார். எடுத்தாள். பின்னாலிருந்து எவனோ "ஏய் சோடாபுட்டி!" என்றான். அடுத்த பந்து கோட்டு மூலைக்குப் பறந்தது. அது வருவதற்குள் அவள் அங்கே பாய்ந்து கிடந்தாள். பந்து மட்டும் உயரே எழும்பியது. கூவியவனே விசிலடித்தான்.

ரங்கையா சார் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, கீர்த்தியிடம் தெலுங்கு கலந்து கேட்டார். "ஏம் அம்மாயி, இந்த ஆட்டத்த இத்தன நாளா எங்க வெச்சிருந்த?"

"என்கிட்டதான் சார் இருந்துச்சி. பந்துதான் தெரியல."

டிஸ்ட்ரிக்ட் டீமின் லிபரோ என்று அவள் பேரை அவர் உரக்கப் படித்தபோது நான் அழுதுவிட்டேன். அதில் எனக்கு வெட்கமே இல்லை.

கீர்த்தி மண் படிந்த முழங்கையோடு ஓடி வந்தாள். பையைத் திறந்து எதையோ எடுத்தாள். அதே காலிப் பெட்டி.

"பிடிக்கா!" என்று என் மேல் வீசினாள்.

நான் கோட்டைவிட்டேன்.