ஒரே மாத்திரை

மாத்திரை விழுங்கி இரண்டு மணி நேரம் ஆன பிறகுதான் விளக்குச் சிகிச்சை. அதுவரை தோல் பிரிவு பெஞ்சில் காத்திருந்தாள் பாப்பாயி. பக்கத்தில் தங்கை ராதிகா. இருவருக்கும் சொரியாசிஸ். வாரம் இரண்டு நாள், விடியற்காலைப் பஸ்ஸில் கொல்லிமலையிலிருந்து இறங்கி, ஆஸ்பத்திரியின் புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் நின்றுவிட்டுத் திரும்புவார்கள்.

இரண்டு மாதத்தில் ராதிகாவின் முழங்கையில் செதில் உதிர்ந்து, தோல் வழவழவென்று வந்துவிட்டது. இன்று அரைக்கை ரவிக்கை போட்டிருந்தாள். பாப்பாயியின் கண் அந்த முழங்கையை விட்டு நகரவில்லை. அவளுடைய புறங்கைகளில் கொப்புளங்கள் உடைந்து நீர் கசிந்தது.

"உன்னைய மட்டும் நல்ல பொட்டியில நிக்க வெக்கறாங்களா?"

"இருக்கறதே ஒரு பொட்டிதானேக்கா."

"அப்ப நர்சம்மாவுக்கு என்னத்தக் குடுத்தே? உங்க கடை மொளகுப் பொட்டலமா?"

ராதிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முறை வந்து உள்ளே போனதும், டாக்டர் பாப்பாயியின் கையைப் பிடித்துப் பார்த்தார். "அன்னிக்கு முழுக்க வெயில்ல போகக் கூடாதுன்னு சொன்னமே? மாத்திரை உடம்புல இருக்கறப்ப வெயில் பட்டா தோல் வெந்துரும். இங்கிருந்து போயி என்ன பண்றீங்க?"

"காட்டுல கூலிக்கு மம்மட்டி புடிக்கத்தானுங்க. மத்தியானத்துக்கு மேல அரைநாள் வேலை."

"உங்க தங்கச்சி?"

"அவ ஊட்டுக்காரரு கடையில, ஃபேனடியில உக்காந்திருப்பாளுங்க."

சொல்லி முடித்ததும் பாப்பாயி கைகளை இழுத்துச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

புண் ஆறும்வரை விளக்கு வேண்டாம், ஒரு மாதம் வெயிலே படக் கூடாது என்று டாக்டர் சீட்டில் எழுதினார். அடுத்து ராதிகாவைக் கூப்பிட்டார்கள்.

பஸ் ஏறுமுன் ராதிகா ஒரு கறுப்புக் குடை வாங்கி அக்காவின் மடியில் வைத்தாள்.

"உன்னைய நான் கேட்டனா?" என்றாள் பாப்பாயி. ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை.

மத்தியானம், அவள் கூலிக்குப் போகும் கருப்பண்ணன் காட்டில் குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளி நடவு. இன்றும் வராவிட்டால் வேறு ஆள் வைத்துக்கொள்வதாக அவர் சொல்லியிருந்தார். பாப்பாயி ஒரு கையில் குடையும் மறுகையில் மம்மட்டியுமாக இரண்டு வெட்டு வெட்டிப் பார்த்தாள். மண் புரளவில்லை. குடையை வரப்பில் வைத்தாள்.

"பாப்பாயி, சும்மாதான கெடக்குது அந்தக் கொடை? வெதைக்குச்சிக் கட்டு மேல வையி. வெயில்ல காஞ்சா மொளைக்காது" என்றார் கருப்பண்ணன்.

ஒரு குச்சிகூட நிழலுக்கு வெளியே நீட்டாதபடி குடையைச் சரித்து வைத்தாள். பிறகு சேலைத் தலைப்பைக் கிழித்துக் கைகளில் சுற்றிக்கொண்டு, இரண்டு கையாலும் மம்மட்டியைப் பிடித்தாள்.