குறுக்கு அடுக்கு

கடைசியாகக் குளிப்பாட்ட வாப்பாவின் விரல்களை விரித்துத் தண்ணீர் ஊற்றியபோது நகக்கண்ணில் மெஷின் மசகு அப்படியே இருந்தது. ஷாகிர் சோப்புப் போட்டுத் தேய்த்தான். போகவில்லை. வெளியே பந்தலில் முதலாளி வாவு முகம்மதுவின் குரல் கேட்டது. நெய்னா நல்ல மனுசர்தான், அடுக்குறதுல கவனம் பத்தாது, என்ன செய்ய என்று வாப்பாவைப் பற்றி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ராமநாதபுரம் பைபாஸில் இருந்த அவருடைய பழைய இரும்பு குடோனில்தான் வாப்பாவும் மகனும் வேலை பார்த்தார்கள். ஆபீஸ்களில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் டப்பாக்கள் வரும். உள்ளே இருப்பதைக் கழற்றிவிட்டு, வெறும் தகரத்தை மெஷினில் அழுத்தித் தட்டையாக்குவார்கள். வாப்பா அவற்றை ஒரு வரிசை நெடுக்கே, அடுத்த வரிசை குறுக்கே வைத்து நெஞ்சுயரத்தோடு நிறுத்திவிடுவார். ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், சரியாது. ஆனால் லாரியில் ஓரத்து இடம் வீணாகும், மதுரைக்கு இரண்டு லோடு போகும். அந்த இரண்டாவது லோடுதான் முதலாளியின் கண்ணை உறுத்தியது. எல்லாவற்றையும் ஒரே வாக்கில் ஆளுயரத்துக்கு அடுக்கச் சொன்னார். சரியும் என்றார் வாப்பா. சரிந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றார் முதலாளி. ஷாகிர் பக்கத்தில்தான் நின்றான். நேற்றுக் காலையில் சரிந்தது. வாப்பா அடியில் கிடந்தார்.

ஜனாஸா தொழுகைக்கு முன்னால், இறந்தவரின் மகன் எழுந்து எல்லோரிடமும் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பது வழக்கம். ஷாகிர் எழுந்தான்.

"எங்க வாப்பா யாரு மனசாச்சும் நோக நடந்திருந்தா, அல்லாவுக்காகப் பொறுத்துக்கிருங்க."

"பொறுத்தாச்சு, பொறுத்தாச்சு" என்று முதல் வரிசையிலிருந்து எல்லோரையும் முந்திக்கொண்டு சொன்னவர் வாவு முகம்மது.

அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"நீங்க பொறுக்க வேணாம் மொதலாளி. வாப்பா குறுக்க வச்சுத்தான் அடுக்குவாங்க. ஒரே வாக்குல அடுக்கச் சொன்னது நீங்க. சரியும்னு வாப்பா சொன்னாங்க. நானும் அங்கனதான் நின்டேன்."

தொழவைக்கும் ஹஜ்ரத் தொண்டையைச் செருமிவிட்டுத் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினார்.

வாப்பாவைக் கிடத்திய சந்தூக்கின் ஒரு முனை ஷாகிரின் தோளில் இருந்தது. தூக்கிப் போகும்போது வழியெல்லாம் ஆள் மாற்றித் தோள் கொடுப்பார்கள். நன்மையான காரியம் என்பதால் கேட்டு வருகிறவருக்கு யாரும் மறுப்பதில்லை. தெருமுக்கில் வாவு முகம்மது ஷாகிரின் பக்கம் வந்து கையை நீட்டினார். ஷாகிர் நேரே பார்த்து நடந்தான். அவர் நீட்டிய கையோடு கொஞ்ச தூரம் கூடவே வந்தார். அடக்கம் செய்யும் மையவாடி வரை அவன் அந்த முனையை யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை.