இருநூறு எழுத்துக்கு மேல்

தகவலை மாற்றும் நிரல் மூன்று மணி நேரம் பத்து நிமிடம் ஓடி முடிந்துவிட்டது, மருத்துவமனையின் பரிசோதனை முடிவுகள் அத்தனையும் பழைய டேட்டாபேஸிலிருந்து புதியதற்கு வந்துவிட்டன, அந்தப் பக்கம் எத்தனை வரிசையோ இந்தப் பக்கமும் அத்தனை, பிழை என்று ஒன்றுகூட இல்லை... பிறகு ஏன் கை நகரவில்லை? ஒப்புதல் கட்டத்தில் தன் பெயரைத் தட்டினால் அவள் வேலை முடிந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்து சீனியர் அண்ணன் எட்டிப் பார்க்கிறார், “எண்ணிக்கை ஒத்துப்போச்சுல்ல? அப்புறம் என்ன, முறைச்சுப் பார்த்தா பயந்துபோய் கூட ரெண்டு தருமா? முடிச்சு விடும்மா, பசிக்குது.” எண்ணிக்கை ஒத்துத்தான் போகும், வரிசையை எண்ணினால் வரிசைதான் தெரியும், உள்ளே இருப்பது எப்படித் தெரியும்? மருத்துவர் எழுதும் குறிப்புக்குப் பழைய அட்டவணையில் அளவே கிடையாது, புதியதில் இருநூறு எழுத்துதான் கொள்ளும், நீளமாக வந்தால் நிற்காதே, வெட்டிவிட்டுப் போய்க்கொண்டே இரு என்று நேற்று அமைத்தது அண்ணன்தான், நடுவில் நின்றால் யார் காவல் காப்பது என்றார். சரியா அண்ணா என்று கேட்க நினைத்தாள், நினைத்ததோடு சரி.

அப்பாவின் வரிசையும் அதில் இருக்கிறது. காலையில் பழையதில் திறந்து பார்த்துவிட்டாள், பார்த்திருக்க வேண்டாம். இரண்டு மாதமாகக் கரகரத்த தொண்டை, சந்தையில் ஏலம் கூறுபவருக்குத் தொண்டைதானே கடை... மூன்று இடத்தில் சதை எடுத்துச் சோதித்தார்கள். முதல் இரண்டிலும் கெட்ட செல்கள் இல்லை என்று மருத்துவர் நிதானமாக, இடம் தாராளமாக எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறார், மூன்றாவதற்குக் கடைசியில் ஒரே வரி. புதிய அட்டவணையில் அந்த வரி இல்லை. இரண்டிலும் இல்லை என்பதோடு எழுத்து தீர்ந்துவிட்டது. எவ்வளவு நல்ல முடிவு! இப்படியே விட்டால்? திங்கட்கிழமை சந்தைக்குப் போவார், அம்மா தூங்குவாள், பழையது இன்றோடு அணைந்துவிடும், யார் போய்த் தோண்டப் போகிறார்கள்... தொண்டை தோண்டும், அதற்கு டேட்டாபேஸ் தேவையில்லை. சரியாக இருநூறாவது எழுத்தில் முடியும் குறிப்புகள் எத்தனை என்று கேட்டுப் பார்த்தாள். முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு பேர், அவர்களில் யாருக்கெல்லாம் கடைசி வரி... குறிப்புக்கான எழுத்து அளவைக் கூட்டி எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டும், இன்னொரு மூன்று மணி நேரம், அண்ணன் திட்டுவார், திட்டட்டும், ஆனால் அதற்குப் பிறகு அப்பாவின் வரி முழுதாக இருக்குமே, அதை யார் அவருக்குப் படித்துக்காட்டுவது? முடிவு வந்துவிட்டதா என்று காலையிலிருந்து அவர் இரண்டு முறை கேட்டாயிற்று, மாத்திக்கிட்டு இருக்கோம்பா, எதுவும் திறக்காது என்றாள், அது பொய்கூட இல்லை, அதுதான் வசதி.

போன் அதிர்கிறது. கீழே காத்திருக்கும் இடத்திலிருந்து அப்பா. “ஏம்மா, தாளைக் குடுத்துட்டாங்க!” ஒப்புதலுக்குக் காத்திராமல் கவுண்டரில் புதியதைத் திறந்துவிட்டார்கள். “ஒண்ணும் இல்லையாம். உங்கம்மாகூடக் கத்திக் கத்தித்தான் தொண்டை கட்டிருக்கு, அதைத்தான் இங்கிலீஷ்ல எழுதிருக்காங்க.” பின்னால் அம்மா, “ஆமா, ஊரு பூரா ஏலம் விட்டது நானு.” சிரிப்பு, யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம், செருப்பு தேயும் ஒலி, ஒரு கதவு, பிறகு எதுவுமே இல்லை. படிக்கட்டுப் பக்கம் போய்விட்டார் போல, குரல் தாழ்ந்துவிட்டது. “மூணு எடத்துல எடுத்தாங்கம்மா. இதுல ரெண்டுதான் இருக்கு. பாதியில நிக்குது.” மெஷின் வெட்டிடுச்சுப்பா என்று சொல்லலாம், சாயங்காலம் சரியாயிடும் எனலாம், நாக்கு நுனியில் வந்தும்விட்டது... ஆனால் அவர் ஏன் அம்மாவை விட்டுத் தள்ளி வந்து கேட்கிறார்? கவுண்டரில் அல்லவா கேட்டிருக்க வேண்டும்? “பாத்துட்டியா நீ?” என்றார், அதட்டல் இல்லை, சாப்பிட்டியா என்று கேட்பதுபோல. இவருக்கு எப்போதிலிருந்து தெரியும்... யாராவது ஒருவர் சொல்லட்டும் என்றா இவ்வளவு நாள் கரகரத்த குரலில் சிரித்துக்கொண்டிருந்தார்?

“காலையிலயே பாத்துட்டேன்ப்பா,” என்றாள். “மூணாவதுல புற்றுநோய் இருக்கு.”