செதுக்காத கல்லறை

பேராசிரியர் லாக்கெட் இறந்த வருடம், பள்ளம் என் மகளின் கல்லறைக்கு ஒரு களைக்கொத்துக் காம்பு தூரத்தில் இருந்தது.

அலபாமாவில் எங்கள் பக்கத்து மண் சிவப்பு. பருத்தி போட்டுப் போட்டு அதன் மேல்மண் போய்விட்டது. மழை வந்தால் மிச்சமும் கரைந்து ஓடும், ஓடிய தடத்தில் பள்ளம் விழும். எங்கள் பள்ளம் கீழே ஓடையோரம் தொடங்கியது. வருடா வருடம் மேட்டில் ஏறி, கில்போவா சபையின் கல்லறைத் தோட்டத்தைத் தொட்டுவிட்டது. கடைசி வரிசையில் லூடி கிடக்கிறாள். காய்ச்சலில் போனாள். நாலு வயது.

ஆம்புரோஸ் லாக்கெட் எங்கள் ஊர்க்காரர். கறுப்பர் கல்லூரியில் படித்து, வடக்கே போய் மண்ணுக்கே டாக்டர் பட்டம் வாங்கி, திரும்பி வந்து அதே கல்லூரியில் பாடம் சொன்னார். வெள்ளைக்காரப் பல்கலைக்கழகம் ஒன்று ஆய்வுக்கூடம் தருகிறேன் என்று கூப்பிட்டதாம். போகவில்லை. கோவேறு கழுதை பூட்டிய வண்டியில் ஊர் ஊராக வந்தார்.

"மண்ணுக்கு வைத்தியம் பாக்குற டாக்டரே, நாடி எங்க புடிப்பீங்க?" என்று சபை மூப்பர் டீக்கன் ராலின்ஸ் கேட்டார்.

"நாடி பாக்குற கட்டமெல்லாம் தாண்டிருச்சு டீக்கன். இப்ப போர்வை தேடிக்கிட்டு இருக்கேன்."

அந்தப் போர்வைதான் அவருடைய தட்டைப்பயறு. செத்த மண்ணிலும் முளைக்கும்படி பல வருடம் கலந்து கலந்து எடுத்தது. எங்கள் வயலில் போட்டோம். சரிவுக்குக் குறுக்கே, மேட்டின் வளைவோடு வளைத்து உழச் சொன்னார். மூன்றாம் வருடம் மண் கறுத்தது. பிறகு விதைக் கடைகளும் அதை விற்றன. பையில் அவர் பெயர் இல்லை.

ஒருநாள் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். அவருடைய அம்மாவையும் அங்கேதான் புதைத்திருக்கிறது. ஒரு கல்லறை மேல் ஜாடித் தண்ணீரை ஊற்றினார். சிவப்பாக ஓடிப் பள்ளத்தில் விழுந்தது.

"வயலைப் போத்தி வெச்சிருக்கீங்க. இதை ஏன் தொறந்து போட்டிருக்கீங்க?"

"கல்லறை மேல புல் நின்னா, உள்ள இருக்கறவனுக்கு ஆள் இல்லன்னு அர்த்தம். உங்களுக்குத் தெரியாததா, புரொபசர்?" என்றார் டீக்கன்.

தெரியும். ஒவ்வொரு ஆகஸ்டும் எல்லோரும் கூடி, வெறும் மண் தெரியும்வரை புல்லைச் செதுக்கி, மண்ணைக் குவித்து, துடைப்பத்தால் கூட்டுவோம். யாருடைய கல்லறை அதிகம் மின்னுகிறது என்று பெண்கள் ஓரக்கண்ணால் பார்ப்போம். லூடியுடையது எப்போதும் மின்னும்.

"என் புள்ளை மேல ஒரு தளிர் நிக்க விடமாட்டேன்," என்றேன்.

அவர் பள்ளத்தைப் பார்த்தார். "அப்படின்னா அது வந்து எடுத்துக்கும், சிஸ்டர் டப்ஸ்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

மார்ச்சில் இறந்தார். லூடிக்குக் கீழே, பள்ளத்தின் உதட்டில் புதைக்கச் சொல்லியிருந்தார். யாரும் கேட்காத இடம். செதுக்க வேண்டாம் என்றும் சொன்னாராம். அவருடைய அக்கா அதைச் சொன்னபோது டீக்கன் தலையாட்டினார்.

"அடக்கமான மனுஷன். நமக்குச் சிரமம் வேண்டாம்னு நெனச்சிருக்காரு."

அவர் கடைசியாகக் குடித்த கோப்பையை வழக்கப்படி உடைத்து மேலே வைத்தோம். பிறகு, வேறு எந்தக் கல்லறையையும்விடச் சுத்தமாகச் செதுக்கினோம். அவ்வளவு மரியாதை.

முதல் மழைக்குப் பயறு முளைத்தது.

சிதறி முளைக்கவில்லை. வரிசையாக, சரிவுக்குக் குறுக்கே, பள்ளத்தின் தலையைச் சுற்றி வளைந்து முளைத்தது. செதுக்கினேன். அடுத்த மழைக்கு அதே வரிசைகள். இன்னும் கொஞ்சம் நீளமாக.

"நீதானே வந்து விதைக்கிற?" என்றாள் பக்கத்து வீட்டு ஓரா பெட்வே.

"எனக்கு வயல்ல வேலை போதாதா?"

"பின்ன யாரு?"

"கோட்டுப் பையில விதை கெடந்திருக்கும். எப்பவும் வெச்சிருப்பாரே."

"அவ்வளவு ஆழத்துலேருந்தா? அதுவும் வரிசை புடிச்சா? நல்லா படிச்ச விதைதான்."

சிரித்துவிட்டு நான் ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன். ஒரு சாண் வேர் வந்தது. நின்றது. பிறகு மெதுவாக, என் விரல்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு, திரும்பி மண்ணுக்குள் போனது. இலை மட்டும் மேலே நின்றது.

ஓரா பார்த்தாள். தன் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஆகஸ்டில் சபை கூடியபோது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டீக்கன் ஒரு மூட்டை உப்பு கொண்டுவந்தார். பன்றிக்கறிக்குப் போடும் கல் உப்பு.

"அடங்காம கெடக்கறவரை உப்புதான் அடக்கும். எங்கப்பா காலத்துலயும் இதான்."

என் கணவன் ஹோசியா தொப்பியைக் கழற்றினான். "உப்பு போட்டா மண்ணு செத்துரும், டீக்கன். களிமண்ணு பிடிப்பு விட்டு மாவா கரையும். அவரே சொல்லிக் குடுத்தது."

"செத்தவங்க இருக்குற மண்ணு செத்தா என்னப்பா? இங்க நீ பருத்தியா போடப்போற?"

சிலர் சிரித்தார்கள். உப்பைக் கொட்டினார்கள். மத்தியானத்துக்குள் இலைகள் சுருண்டன. மரத்தடியில் பொரித்த கோழியும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு அப்பமும் சாப்பிட்டோம். காற்றே இல்லை.

மூட்டையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. டீக்கன் அதை லூடியிடம் எடுத்துப் போனார்.

"இங்கயும் ரெண்டு கொடி ஏறியிருக்கு. போட்டுரட்டுமா, சிஸ்டர்?"

"வேண்டாம். நானே புடுங்கிக்கறேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பிடுங்கவும் இல்லை.

செப்டம்பரில் தெற்கே வளைகுடாக் கடலிலிருந்து புயல் வந்தது. மழை விட்ட காலையில் நானும் ஹோசியாவும் மேட்டுக்கு ஓடினோம். டீக்கனும் மண்வெட்டியோடு பின்னால் வந்தார்.

பள்ளம் பேராசிரியரை எடுத்துக்கொண்டுவிட்டது. உப்பு விழுந்த மண் மட்டும், கேக்கை வெட்டி எடுத்ததுபோல், அந்த அளவுக்கே போயிருந்தது. பெட்டி பள்ளத்தின் அடியில் பிளந்து கிடந்தது. ஹோசியா இறங்கிப் பார்த்தான்.

"கோட்டு இருக்கு," என்றான்.

"அப்புறம்?" என்றார் டீக்கன்.

"பொத்தான் எல்லாம் போட்டபடியே இருக்கு."

"அப்புறம் என்னடா?"

"அவ்வளவுதான்."

நான் பள்ளத்தைப் பார்க்கவில்லை. எதிரே புதிதாக வெட்டுப்பட்ட மண்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லூடியின் சின்னப் பெட்டியின் கால்மாடு அதில் துருத்திக்கொண்டிருந்தது. அது விழவில்லை. விரல் தடிமன் வெள்ளை வேர்கள் அதைச் சுற்றிப் பின்னியிருந்தன. பயறுக்கு அப்படி வேர் கிடையாது. வேர் முழுக்க முடிச்சுகள். ஹோசியா ஒன்றைக் கிள்ளினான். உள்ளே ரத்தச் சிவப்பு.

"மண்ணுக்கு உரம் சேக்குற முடிச்சு, உசிரோட இருந்தா செவப்பாத்தான் இருக்கும்," என்றான்.

டீக்கன் என் தோளைத் தொட்டார். இந்த முறை பேச்சில் அதிகாரம் இல்லை.

"அம்மா, இது தாங்கிப் புடிக்கல. இழுக்குது. பாருங்க, பெட்டி நகர்ந்திருக்கு. வெட்டி எடுத்து, புள்ளைய மேல் வரிசைக்குக் கொண்டுபோயிரலாம். எங்கம்மா பக்கத்துல இடம் தரேன்."

நல்ல இடம். சமதரை. பள்ளம் அங்கே வர என் ஆயுள் போதாது. ஹோசியா மண்வெட்டியை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"நீ சொல்லு, ஸீலியா."

தாங்குகிறதா, இழுக்கிறதா. பார்த்துச் சொல்ல முடியவில்லை. வேர்களுக்கு இடையே கையை விட்டேன். மழைக்குப் பிறகும் உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. என் கையைச் சுற்றி வேர்கள் மெல்ல நெருங்கின. நெருங்கி, நின்றன. காய்ச்சல்காரப் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடிப்பதுபோல் ஒரு பிடி. அதற்கு மேல் இறுகவில்லை. கையை எடுத்தேன். விட்டது.

"மூடுங்க," என்றேன்.

"சிஸ்டர், யோசிச்சு..."

"வெட்டினா விழுந்துருவா, டீக்கன். மூடுங்க."

கிளைகளை அடுக்கி, மண் இட்டு மூடினார்கள். டீக்கனும் மண் அள்ளினார். நான் லூடியின் மேட்டைக் கொத்தினேன். மின்னுவதற்காக அல்ல. வீட்டில் இருந்த பயறு முழுவதையும் கொண்டுவந்து அங்கே விதைத்தேன்.

பள்ளம் அதற்கு மேல் வரவில்லை. அடுத்த கோடையில் ஓரா வந்து ஒரு பிடி விதை கேட்டாள், தன் அம்மாவுக்கு. அதற்கடுத்த கோடையில் டீக்கனின் மனைவி கேட்டாள், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள். கல்லூரியிலிருந்து இரண்டு பேர் வந்து படம் எடுத்தார்கள். இது என்ன ரகம் என்று கேட்டார்கள். லாக்கெட் என்றேன்.

அவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. பயறு முழங்கால் உயரத்துக்கு வளரும்போது, மேட்டின் நடுவில் ஓரிடத்தில் இலைகள் படுத்துக் கிடக்கும். வெயில் ஏற ஏற நிமிரும். ஒரு பெரிய ஆளும் பக்கத்தில் ஒரு சின்னதும் உட்கார்ந்து எழுந்த அளவு. அங்கே நான் காய் பறிப்பதில்லை.