கம்பியைக் கழற்றச் சொன்னவர்

விடியும் முன்பே கிள்ளான் சலவை ஆலைக்குள் ஆவி முட்டி நிற்கும். கோலாலம்பூர் ஓட்டல்களின் விரிப்புகளைத் துவைத்தெடுத்தால் பிணக்கனம் கனக்கும். அவற்றை உதறி, கொதிக்கும் இஸ்திரி உருளைக்குள் நுழைக்க வேண்டும். சோப்பு நெடியில் கண் எரியும். சுவரில் முதலாளி கமலநாதன் மாட்டிவைத்த வாசகம்: ‘நேர்மையே எங்கள் மூலதனம்.’ மேற்பார்வையாளர் தாமரைக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் துப்பத் தோன்றும்.

உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருந்தது. கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். அடிக்கடி நிற்கிறதே என்று கமலநாதன் அதைக் கழற்றச் சொன்னார். வேண்டாமென்று தாமரை சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. போன வாரம் சீதாலெட்சுமியின் வலது கை விரிப்போடு உள்ளே போயிற்று. மூன்று விரல்கள் போய்விட்டன. மறுநாளே கம்பி பழைய இடத்தில் ஏறிக்கொண்டது. முதலாளி பழக்கூடையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் பிடித்துக்கொண்டு வந்தார்.

இன்று விபத்தை விசாரிக்க அரசாங்கப் பாதுகாப்பு அதிகாரி வருகிறார். காலையிலேயே தாமரையை அறைக்குக் கூப்பிட்டார் கமலநாதன். நெற்றியில் பட்டை, வாயில் தேன்.

“கை மாட்டினப்போ அவ ஹேன்ஃபோன் பார்த்துக்கிட்டிருந்தான்னு ஒரு வார்த்தை சொல்லு லா. பூச்சோங் கிளைக்கு நீதான் மேனேஜர்.”

“ஹேன்ஃபோன வெளியவே பூட்டி வச்சிட்டுத்தானே உள்ள வர்றோம் பாஸ். நீங்க போட்ட சட்டம்.”

பொய்யைக்கூட ஒழுங்காகத் தைக்கத் தெரியாத ஆள் என்று நினைத்தபடி வெளியே வந்தாள். ஆட்கள் பேச்சை நிறுத்தினார்கள். மேற்பார்வையாளர் சட்டை போட்ட நாளிலிருந்து அவளை யாரும் நம்புவதில்லை. மெக்கானிக் திருச்செல்வம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். விலை படிந்துவிட்டதென்று நினைத்திருப்பான்.

அதிகாரி வந்தார். தாமரை எல்லோருக்கும் கேட்கும்படி மலாயில் சொன்னாள்: விபத்தன்று கம்பி இல்லை. கழற்றச் சொன்னவர் முதலாளி. கழற்றிய கை யாருடையது என்று அவள் சொல்லவில்லை.

கமலநாதன் சிரித்தார். மேனேஜர் வேலை கேட்டாள், கொடுக்கவில்லை, அந்தக் கோபத்தில் பேசுகிறாள் என்றார். தாமரைக்குக் கோபம்கூட வரவில்லை. செருப்பில் ஒட்டிய சேற்றைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

வேறு யாராவது பார்த்தீர்களா என்று அதிகாரி கேட்டார். திருச்செல்வம் இயந்திரத்தை அணைத்துவிட்டு முன்னே வந்தான்.

“கழட்டினது நான்தான். சொன்னது பாஸ்.”

தானும் பார்த்ததாக வங்கதேசத்து ரஹீம் தட்டுத்தடுமாறி மலாயில் சொன்னான். பிறகு ஒவ்வொருவராக.

விசாரணை நடக்கும், முடிவை இப்போது சொல்ல முடியாது என்று அதிகாரி கிளம்பினார். அவர் கார் நகர்ந்ததும் கமலநாதனின் வாயில் தேன் வற்றியது. தாமரையைப் பையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

“அக்கா போனா நாங்களும் போறோம், பாஸ். அக்கா இருந்தா எல்லாரும் இங்கதான். நீங்க முடிவு சொல்ற வரைக்கும் மெஷின் ஓடாது,” என்றான் திருச்செல்வம்.

இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. ரஹீமின் வேலை பெர்மிட்டை ரத்து செய்வேன், எல்லோரையும் துரத்துவேன் என்று முதலாளி கத்திக்கொண்டிருந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. சாயந்தரம் சேர்ந்துபோய் சீதாலெட்சுமியிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று பேசியபடி துணி மூட்டைகள்மேல் உட்கார்ந்தார்கள். ரஹீம் மட்டும் தயங்கி நின்றான். தாமரை நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.