சந்தனம் பூசிய சங்கிலி

"சங்கிலி தட்டுறதும் ஒரு உத்தியோகமோ?" என்று குணமணி கேட்டாள். கல்யாணமான கையோடு யாழ்ப்பாணத்திலிருந்து சிங்கப்பூருக்குக் கணவரோடு கப்பலில் வந்துகொண்டிருந்தாள் அப்போது.

"ஏன், வெக்கமாக் கிடக்கோ?" விஸ்வலிங்கம் சிரித்தார். "பாரம் தூக்கிற சங்கிலியை வளையம் வளையமாத் தட்டிப் பாக்க வேணும். நல்ல வளையம் மணி மாதிரிக் கதைக்கும். வெடிச்ச வளையம் உடைஞ்ச சட்டி மாதிரி முனகும். பிறகு ரெண்டு மடங்கு பாரத்தைத் தொங்கவிட்டு, சங்கிலி நீண்டு போச்சுதோ எண்டு அளப்பன். எல்லாம் சரியெண்டால், முதல் பாரம் மேல போகேக்கை நான் அதுக்குக் கீழ போய் நிப்பன்."

"கீழயோ! ஏன்?"

"எங்கட பட்டறை வழக்கம் அது. சோதிச்சவன் கீழ நிண்டாத்தான் மற்றவங்கள் சங்கிலியில கை வைப்பாங்கள்."

அப்போதே ஒன்று கேட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கெட்டதை வாயால் சொன்னால் அது நடந்துவிடும் என்று பயந்தே வளர்ந்தவள் குணமணி. 'விழுந்தால்?' என்று சொல்லாமல் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது? கடலைப் பார்த்தபடி விழுங்கிவிட்டாள்.

சிராங்கூன் சாலைப் பக்கத்துச் சந்து வீட்டில் குடித்தனம் தொடங்கி வருஷங்கள் போயின. விழுங்கியது செரிக்கவில்லை. எருமைத் தொழுவங்களின் வாசம் வரும் மதியத்தில் சற்றே கண்ணயர்ந்தால் போதும், அந்தக் கனவு வந்துவிடும். பெரிய இரும்புப் பெட்டி ஒன்று கடலுக்கு மேலே மேகம் போல மிதக்கும். அதற்குப் பாரமே இல்லாதது போலிருக்கும். கீழே வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு அவர் நிற்பார். அவளைப் பார்த்துக் கையசைப்பார். அவள் வாயைத் திறப்பாள், குரல் வராது. விழித்துக்கொண்டால் தலையணை நனைந்திருக்கும்.

அந்த ஆண்டு ஆயுத பூசைக்கு, வீட்டுப் பெண்களும் பட்டறைக்கு வரலாம் என்று முதல் முறையாக அழைப்பு வந்தது. குணமணி சந்தனம் அரைத்தாள், கடலை அவித்தாள், ரிக்‌ஷாவில் ஏறித் தஞ்சோங் பகார் துறைமுகக் கரையிலிருந்த பட்டறைக்குப் போனாள்.

அவள் அரைத்த சந்தனத்தை ஆட்கள் தூக்கு எந்திரத்தில் தொங்கிய சங்கிலிக்கு அள்ளி அப்பினார்கள். குங்குமமும் வைத்தார்கள். தீபம் காட்டியானதும் விஸ்வலிங்கம் சுத்தியலோடு வந்து தட்டினார். டொக், டொக் என்று எல்லா வளையமும் ஒரே மாதிரி மங்கலாக ஒலித்தது.

பாரந்தூக்கும் ஆட்களின் தலைவர் தண்டல் ஜமால் முகம்மது கெக்கலித்தார். "என்னங்கய்யா, சந்தனம் பூசினா இரும்புகூட மாப்பிள்ளையாயிடுது! கூப்பிட்டா பதிலே சொல்ல மாட்டேங்குது!"

"ஓம், சந்தனம் காயேல்லை, அதுதான்," என்று விஸ்வலிங்கமும் சிரித்தார். பூசை நாளில் சந்தனத்தைச் சுரண்ட யாருக்கு மனம் வரும்? சென்ற ஆண்டும் அப்படித்தான் விட்டிருந்தார். "நல்ல நேரம் போகுது. கப்பலில ஏத்திற பாய்லரைக் கட்டுங்கோ."

அவர்கள் கட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. முன்னறிவிப்பே இல்லாத சிங்கப்பூர் மழை. எல்லாரும் கொட்டகைக்குள் ஓடினார்கள். கடலும் கப்பல்களும் மறைந்துபோயின. தூக்கு எந்திரம் மட்டும் வெள்ளைத் திரைக்குள் கழுத்து நீட்டி நின்றது. அதிலிருந்து தொங்கிய சங்கிலி வழியாகச் சந்தனம் கரைந்து மஞ்சளாக ஒழுகுவதைக் குணமணி பார்த்துக்கொண்டே இருந்தாள். கனவுக்குள் நிற்கிறோமா வெளியே நிற்கிறோமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மழை விட்டது. விஸ்வலிங்கம் ஏனோ சுத்தியலை மறுபடி எடுத்தார். மணி, மணி, மணி. பிறகு ஒரு முனகல்.

அவர் குனிந்தார். வளையத்தின் ஓரத்தில் தலைமுடி போல ஒரு வெடிப்பு. அதற்குள் இன்னும் கொஞ்சம் சந்தனம் இருந்தது.

அவர் முகம் வெளுத்திருந்தது. "கழற்றுங்கோ இதை," என்றார் மெல்ல.

மாற்றுச் சங்கிலி வந்தது. துணியால் துடைத்து ஒவ்வொரு வளையமாகத் தட்டினார். இரும்புக் கட்டிகளைத் தொங்கவிட்டு அளந்தார். அணுவளவும் நீளவில்லை. ஆனாலும் ஆட்கள் தயங்கினார்கள்.

"பூசை பண்ணாத சங்கிலிங்கய்யா," என்றார் ஜமால். "எங்க ஆளுங்க ரொம்பப் பயந்துட்டானுங்க. நீங்க நின்னு காட்டுனாத்தான் கை வைப்பானுங்க."

"நிக்கிறன், பாய்லரைத் தூக்குங்கோ," என்றார் விஸ்வலிங்கம்.

கொதிகலன் தரையை விட்டு எழும்பியது. ஒரு முழம், ஓர் ஆள் உயரம். ஈர வெளிச்சத்தில் அது மிதப்பது போலவே இருந்தது. அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அதை நோக்கி நடந்தார்.

குணமணியின் கால்கள் தாமாக நகர்ந்தன. ஆண்கள் விலகி வழிவிட்டார்கள். சேலைத் தலைப்பு நழுவியதையும் அவள் கவனிக்கவில்லை. கொதிகலனின் நிழல் தொடங்குமிடத்தில் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்னப்பா இது? எல்லாரும் பாக்கினம்," என்றார் அவர்.

"பாக்கட்டும்." குரல் வந்தது. அவளுக்கே அது புதிதாகக் கேட்டது. "இஞ்சாருங்கோ, நல்ல சங்கிலியோ கூடாத சங்கிலியோ, அது விழுந்தால் எனக்கு ஆர் இருக்கினம்? பாரத்துக்குக் கீழ நிக்காதேங்கோ. நீங்களும் வேண்டாம், வேற ஒருத்தரும் வேண்டாம். இனி ஒரு நாளும் நிக்காதேங்கோ."